அளவறிந்து ஏற்றும் நீர்

நுழையும்முன்

சிறிது காய்ச்சலோ உடற்சோர்வோ கண்டவுடன், ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வந்துவிடும்’ என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஏற்றப்படும் நீர் யாது, அதில் என்ன கலந்துள்ளது, எவ்வளவு நேரத்தில் உடலுக்குள் செல்ல வேண்டும் என்று வினவுவோர் மிகச் சிலரே. உயிரை மீட்கும் அந்நீரே அளவும் விரைவும் பிழைத்தால் உயிருக்கு ஊறு விளைவிக்கும். அந்நீரின் வரலாற்றையும் அதனைக் கையாளும் முறையையும் அறிவோம்.

லீத் நகரத்து மூதாட்டி

1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகப் பகுதியில் காலரா பரவியது. நோயாளிகளின் கண்கள் குழிவிழுந்தன, தோல் சுருங்கியது, நாடி ஒடுங்கியது. அக்கால மருத்துவர் பலர் நோயாளியின் உடலிலிருந்து குருதியை வெளியேற்றுவதையே மருத்துவமாகக் கொண்டிருந்தனர். நீரிழந்து வாடும் உடலிலிருந்து மேலும் நீரை எடுத்த அச்செயலை இன்று எண்ணினாலும் நெஞ்சு பதைக்கும்.

எடின்பரோவில் மருத்துவம் பயின்ற ஓஷாக்னெசி என்னும் இருபத்திரண்டு வயது ஐரிஷ் இளைஞர் நோயாளிகளின் குருதியைப் பகுப்பாய்வு செய்தார். அதில் நீரும் உப்புகளும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். இழந்தவற்றை மீண்டும் குருதியில் சேர்த்தல் வேண்டும் என்று அவர் எழுதினார். இவரே பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகள் அமையக் காரணமானவர் என்பது வியப்புக்குரிய செய்தி.

ஓஷாக்னெசி எழுதியதைச் செய்து பார்த்தவர், ஸ்காட்லாந்தின் லீத் நகரில் பணியாற்றிய தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர். 1832ஆம் ஆண்டில், எல்லா மருந்துகளும் பயனற்றுப்போய் இறுதி நிலையில் கிடந்த மூதாட்டி ஒருவரின் கைச் சிரையில் அவர் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதலில் எம்மாற்றமும் தென்படவில்லை. பொறுமையுடன் தொடர்ந்தபோது மூச்சு சீரடைந்தது. குளிர்ந்திருந்த முகத்தில் உயிர்ப்பு மலர்ந்தது. மறைந்திருந்த நாடி திரும்பியது. அரைமணி நேரத்தில் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் உட்சென்றிருந்தது. மூதாட்டி தெளிவான குரலில் பேசினார். தமக்குச் சிறிது உறக்கமே தேவை என்றார்.

நோயாளி பிழைத்துவிட்டார் என்று நம்பிய லாட்டா, அவரை மருத்துவமனைப் பணியாளரான மற்றொரு மருத்துவரின் பொறுப்பில் விட்டு ஓய்வெடுக்கச் சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. ஆனால், உப்புநீர் மீண்டும் செலுத்தப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி உயிர் நீத்தார். மீண்டும் செலுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றே லாட்டா உறுதியாக நம்பினார். இழப்பு தொடரும்வரை ஈடும் தொடர வேண்டும் என்னும் இன்றைய மருத்துவ நெறியின் விதை இந்நிகழ்வில் உள்ளது.

லாட்டா பயன்படுத்திய நீர் இன்றைய அளவுகோலின்படி உப்புக் குறைவானது; நுண்ணுயிர் நீக்கப்படாதது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பதை அன்றைய உலகம் அறிந்திருக்கவில்லை. அவரும் 1833இல் மறைந்தார். அவருடைய முறை பல்லாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது.

நீர் மட்டும் போதாதா?

நீரிழந்தவருக்கு ஏன் தூய நீரையே சிரையில் செலுத்தக் கூடாது என்னும் ஐயம் எழலாம். சவ்வூடு பரவலை உயிரியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். குருதியில் தூய நீர் கலந்தால் அது சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்து வெடிக்க வைக்கும். ஆதலால், செலுத்தும் நீர் குருதியின் செறிவோடு ஒத்திருத்தல் வேண்டும். 1 லிட்டர் நீரில் 9 கிராம் சோடியம் குளோரைடு கலந்த ‘நார்மல் சலைன்’ அத்தகையது. ஆயினும், ‘நார்மல்’ என்னும் பெயரைக் கண்டு அதனைக் குருதியின் மறுபதிப்பு எனக் கருதிவிடலாகாது. அதிலுள்ள குளோரைடு குருதியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மிகுதியாக ஏற்றினால் குருதியின் அமிலத்தன்மை கூடும்.

இக்குறையைப் போக்கும் வழி எதிர்பாராத ஒரு பிழையால் தொடங்கியது. 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்புநீரில் இயங்கவைத்து ஆய்ந்துவந்தார். உதவியாளர் வாலைவடிநீருக்கு மாற்றாகக் குழாய்நீரைப் பயன்படுத்தியிருந்தார். அதனால்தான் இதயம் நெடுநேரம் துடித்தது என்பது பின்னரே தெரியவந்தது. குழாய்நீரில் இருந்த கால்சியமே காரணம்! 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். கல்லீரல் அதனைப் பைகார்பனேட்டாக மாற்றி அமிலத்தன்மையைத் தணிக்கும். கடும் வயிற்றுப்போக்குக்கு இன்று முதன்மையாகப் பயன்படும் ‘ரிங்கர் லாக்டேட்’ இவ்வாறு உருவானதே.

மக்கள் ‘தெம்பு’க்காக விரும்பும் குளுக்கோஸ் நீரின் நிலை வேறு. 5 விழுக்காட்டுக் கரைசலின் 500 மில்லி லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு தேக்கரண்டிக்கு மேல் இராது. உடல் அச்சர்க்கரையை எரித்தபின் எஞ்சுவது உப்பில்லா நீரே. சோடியம் குறைந்த நோயாளிக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, அதனை மட்டும் ஏற்றினால் சோடியம் மேலும் நீர்த்து மூளை வீங்கக்கூடும். நெடுநாள் குறைந்திருந்த சோடியத்தை ஒரே நாளில் உயர்த்த முயல்வதும் மூளை நரம்புகளைச் சிதைக்கும். ஒரு நாளில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் அது உயரலாகாது என்பர். மிகினும் தீது, குறையினும் தீது என வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே உணர்த்தும் கருத்து இங்கும் பொருந்துகிறது.

இதயத்தை நிறுத்தும் உப்பு

மின்பகுளிகளுள் மிகுந்த விழிப்புடன் கையாள வேண்டியது பொட்டாசியம். செல்லுக்குள் அது லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் உள்ளது, குருதியிலோ 3.5 முதல் 5 வரைதான். இவ்வேறுபாட்டைக் கொண்டே இதயத்தசை மின்துடிப்பை உண்டாக்குகிறது. வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்தால் தசைகள் தளரும், இதயத்துடிப்பு தடுமாறும். ஈடு செய்தல் இன்றியமையாதது. ஆனால், செறிந்த பொட்டாசியக் குளோரைடை ஊசியால் நேரே சிரையில் செலுத்தினால் இதயம் சில நொடிகளில் நின்றுவிடும்.

10 மில்லி லிட்டர் சிறுகுப்பியில் 20 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. பொதுப் படுக்கைப் பிரிவில் மணிக்கு 10 மில்லிமோல் என்பதே வழக்கமான மேல்வரம்பு. அச்சிறுகுப்பி குருதியில் கலக்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். நோயாளிக்குச் சிறுநீர் பிரிகிறதா என்பதையும் முன்னரே காண வேண்டும்; சிறுநீரகம் இயங்காவிடில் மிகுந்த பொட்டாசியம் வெளியேற வழியில்லை. மேலும், சலைன் பாட்டிலில் அதனைச் சேர்த்தபின் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கலக்காவிடில் அடர்ந்த கரைசல் அடியில் தங்கும். பாட்டில் தலைகீழாகத் தொங்கும்போது அப்பகுதியே முதலில் நோயாளியின் சிரையை அடையும். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருப்பதால் சிறுகுப்பிகள் மாறிப்போகும் இடரும் உண்டு. பல மருத்துவமனைகள் அதனைப் பிற மருந்துகளிலிருந்து பிரித்தே வைக்கின்றன.

சொட்டுக் கணக்கு

கடுமையாக நீரிழந்த 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிப்படி 2000 மில்லி லிட்டர் ரிங்கர் லாக்டேட் தேவை. முதல் 600 மில்லி லிட்டர் அரைமணி நேரத்திலும், எஞ்சிய 1400 இரண்டரை மணி நேரத்திலும் செல்ல வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு இக்காலம் இரட்டிப்பாகும். ஊட்டக்குறைவால் மெலிந்த குழந்தைக்கு விதி முற்றிலும் வேறு. இதே விரைவில் இதயநோயுள்ள முதியவருக்கு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். டெங்குக் காய்ச்சலில் ஒருநாள் தேவைப்பட்ட அளவே மறுநாள் மிகையாகிவிடுவதும் உண்டு. ஆகவேதான் செவிலியர் பாட்டிலை மாட்டிவிட்டு அகலாமல் நாடியையும் மூச்சையும் சிறுநீரையும் மீண்டும் மீண்டும் காண்கின்றனர்.

பொதுவான குழாய்த் தொகுதியில் 1 மில்லி லிட்டர் என்பது 20 சொட்டுகள். 500 மில்லி லிட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமெனில் 10,000 சொட்டுகளை 240 நிமிடங்களால் வகுக்க, நிமிடத்திற்கு 42 சொட்டுகள் எனக் கிடைக்கும். பொறுமையிழந்த உறவினர் அந்தச் சக்கரத்தைத் தளர்த்திவிடும்போது குலைவது இக்கணக்கே.

வங்கான் முகாமில்

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர் மேற்கு வங்கத்தின் வங்கான் முகாமில் திரண்டனர். காலரா பரவியது. இடமின்றி நோயாளிகள் தரையில் கிடந்தனர். சிரைவழி நீரின் இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனபிஸ், 1 லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பினார். குடலில் குளுக்கோஸ் உட்கவரப்படும்போது சோடியத்தையும் உடன் ஈர்த்துச் செல்லும். அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்லும். அம்மா, அண்ணன், அத்தை என அருகிலிருந்த உறவினரே குவளைகளில் முகந்து புகட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பிலிருந்தோரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. எஞ்சியிருந்த சலைன் பாட்டில்கள், நாடி ஒடுங்கி விழுங்கவும் இயலாத நிலையில் வந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டன.

கற்பவை கற்றபின்…

1. 1000 மில்லி லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்திற்கு எத்தனை சொட்டுகள் தேவை எனக் கணக்கிடுக.

2. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைச் சந்தித்து, குளுக்கோஸ் ஏற்றுமாறு கேட்டு வருவோர்க்கு அவர் கூறும் விளக்கத்தை எழுதி வந்து வகுப்பில் படிக்க.

3. லாட்டா ஓய்வெடுக்கச் சென்ற வேளையில் பொறுப்பேற்றிருந்த மருத்துவரின் பார்வையில் அந்நிகழ்வை நாட்குறிப்பாக எழுதுக.