பூக்கடைக்கு எதற்குக் காணொளி?

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய மாதிரிக் காணொளியும் கிடைத்தன. முகப்பில் இப்படி ஒன்று ஓடினால் தளத்துக்கு வருகிறவர்கள் கூடுதல் நேரம் நிற்பார்கள் என்று உங்களுக்கு இணையத்தளம் அமைத்துத் தருகிறவர் சொன்னாராம். அது சரியா என்று கேட்டிருக்கிறாய். பார்த்தேன். உயரத்திலிருந்து எடுத்த கோலாலம்பூர், இரட்டைக் கோபுரம், மெல்ல உதிரும் ரோஜா இதழ்கள், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு, கடைசி மூன்று விநாடி உங்கள் கடையின் பெயர். அந்தப் பெயரை எடுத்துவிட்டு வீடு விற்கிற நிறுவனம் ஒன்றின் பெயரை ஒட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கு உன் அப்பா பணம் கட்டப் போகிறார் என்பதால்தான் உடனே எழுதுகிறேன்.

வருகிறவரை நிறுத்தி வைக்க வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு எரிச்சலைத் தருகிறது. கிள்ளானில் ஒரு தாயார் இருக்கிறார் என்று வைத்துக்கொள். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அங்கேயே தெங்கு கிளானா சாலையில் இல்லாத பூக்கடையா? ஆனாலும் யாரோ சொன்னதால் உங்கள் பிரிக்பீல்ட்ஸ் கடையையும் பார்த்துவிடலாம் என்று இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது என்ன? மாலை பெண்ணின் இடுப்புவரை வருமா, முழங்காலைத் தொடுமா? கழுத்தை அழுத்துமா? மாற்றிப் போடும்போது பூ உதிருமா? இந்த மூன்றுக்கும் புகைப்படம் பதில் சொல்லாது. மேசைமேல் வைத்து எடுத்த மாலையின் நீளமும் கனமும் படத்தில் பிடிபடுவதில்லை. ஓர் ஆள் அதை எடுத்து, இன்னோர் ஆள் கழுத்தில் போட்டு, அவர் குனிந்து நிமிர்ந்தால் பத்து விநாடியில் எல்லாம் தெரிந்துவிடும். காணொளிக்கு உங்கள் தளத்தில் வேலை இருப்பது இந்த இடத்தில்தான். விலை, எத்தனை நாளைக்கு முன்பு சொல்ல வேண்டும், காப்பார்வரை கொண்டுவந்து கொடுப்பீர்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடலாம். காணொளியில் அதே செய்தி எந்த விநாடியில் வரும் என்று காத்திருக்க வேண்டும். விலை மாறினால் எழுத்தைத் திருத்துவதும் சுலபம்.

மாலையைப் போட்டுக் காட்டுவதோடு அதைக் கட்டுகிற இடத்தையும் காட்டு. தொழிற்கூடத்தைப் படம் எடுப்பது நேற்று வந்த யோசனை என்று நினைக்காதே. திரையிட்டுக் காட்டிய படங்களின் வரலாறே அங்கேதான் தொடங்குகிறது. பிரான்சின் லியோன் நகரத்து லூமியேர் குடும்பம் புகைப்படத் தகடு செய்து விற்றது. அண்ணன் அகுஸ்த், தம்பி லூயி. 1895-இல் சலனப்படக் கருவியைச் செய்து முடித்ததும் அதைத் தங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரில் நிறுத்தினார்கள். கதவு திறக்கிறது, வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். இடையில் ஒரு நாய், ஒரு மிதிவண்டி. மொத்தம் ஐம்பது விநாடிகூட இல்லை. அந்த ஆண்டு மார்ச் 22-இல் பாரிசில் தொழில் வளர்ச்சிச் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் அதைக் காட்டினார்கள். டிசம்பர் 28-இல் காசு வாங்கிப் பொதுமக்களுக்குப் பத்துப் படங்கள் காட்டியபோதும் முதலில் ஓடியது அதுதான்.

இந்தப் படத்தை நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டாத ஆண்டில்லை. உனக்கும் காட்டியிருக்கிறேன், நீ மறந்திருக்கலாம். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஆவணப்படத்தின் பிறப்பு என்பார்கள். என் கருத்து வேறு. ஒரு முதலாளி தன் பட்டறையை ஊருக்குக் காட்டிய படம் இது. தொழில் செய்கிறவர்கள் எடுக்க வேண்டிய படத்துக்கு இதைவிட நல்ல மாதிரி இன்றுவரை வரவில்லை. எங்கள் தகடு உயர்ந்தது என்று ஒரு சொல் அதில் கிடையாது. ஆனால் அந்தக் கதவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பதைப் பார்க்கிறவனுக்கு, இங்கே உண்மையிலேயே வேலை நடக்கிறது, இத்தனை கைகள் சேர்ந்து செய்கின்றன என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. கருவி ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. அசைவதெல்லாம் மனிதர்கள். இன்னொன்றையும் கவனி. இதே காட்சியை அவர்கள் மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் வாசலிலிருந்து வரும் வண்டியை ஒரு குதிரை இழுக்கிறது, ஒன்றில் இரண்டு குதிரைகள், ஒன்றில் குதிரையே இல்லை. எளிய காட்சி என்று அலட்சியமாக விடாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரே தடவையில் எடுத்து ஏற்றிவிடலாம் என்று நீ எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் கடையில் அந்தக் கதவு எது? உன் அம்மாவின் கைதான். உதிரிப்பூ குவிந்து கிடக்கிற மேசை, நார், கேமரன் மலைச் செவ்வந்தி, சரம் நீள்வது, கடைசியில் குஞ்சம் கட்டி முடிச்சுப் போடுவது. கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்து, கையில் பிடித்துக்கொண்டு சுற்றிவராதே. காலை வெளிச்சம் கடைக்குள் விழுகிற நேரத்தில் எடு. பிறகு யாருக்காவது அந்த மாலையைப் போட்டு அதே தூரத்திலிருந்து இன்னொரு காட்சி. முப்பது, நாற்பது விநாடி போதும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கடை இருக்கிற துன் சம்பந்தன் சாலையில் தலைக்கு மேலே மோனோரயில், கீழே பேருந்து. அங்கே பேசிப் பதிவு செய்வது வீண் வேலை. அது போகட்டும், எந்த மொழியில் பேசுவாய்? 1946-இல் தொடங்கிய மலாயாத் திரைப்படப் பிரிவைப் பற்றி ஒரு காலத்தில் தேடித் தேடிப் படித்தேன். பின்னாளில் ஃபிலெம் நெகாரா ஆனது அதுதான். அதன் படங்களை அரசாங்கத் தகவல் வண்டிகள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் கொண்டுபோய்த் திரை கட்டிக் காட்டின. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று விளக்கவுரை மாறும், படம் மாறாது. அதனால் குரலை நம்பாமல் காட்சியே பொருள் சொல்லும்படி எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் கடைக்கும் அதே நிலைமைதான். மலாய்க்காரரும் சீனரும் உங்களிடம் பூ வாங்குகிறார்கள். ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தாலும் புரிகிற படமாக எடு, கீழே தமிழிலும் மலாயிலும் இரண்டிரண்டு சொல்லில் எழுத்துப் போடு. எப்படியும் ஒலியோடு தானாக ஓடுவதை 2018-இலிருந்து குரோம் உலாவி பொதுவாகத் தடுத்துவிடுகிறது. பேருந்திலும் அலுவலகத்திலும் ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

பேசியே ஆக வேண்டும் என்றால் சுங்கை சிப்புட்டின் சுகு, பவித்ரா இருவரையும் நினைத்துக்கொள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது நாடே பார்த்த சமையல் காணொளிகள் அவர்களுடையவை. சாதாரண வீட்டுச் சமையலறை, பவித்ராவின் சரளமான மலாய், செய்வதைச் செய்தபடி காட்டுகிற நிதானம். ஆடம்பரம் எதுவும் இல்லை. அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார். அவர்களைப் போலப் புகழ் பெற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உன் அம்மாவை உதட்டுச் சாயம் பூசி உட்கார வைத்து எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கச் சொல்லாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

காணொளியை முகப்பில் தானாக ஓட விடவே வேண்டாம். கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காட்சி, சுருக்காமல் விட்டால் அறுபது எம்பியைத் தாண்டிவிடும். முன்கட்டண சிம் வைத்திருக்கிறவரின் தரவை அவரைக் கேட்காமல் தின்னக் கூடாது. ஒரு நல்ல படத்தை வை, அதன்மேல் அழுத்தினால் மட்டும் காணொளி வரட்டும். கல்யாண மாலைக்கான காணொளி கல்யாண மாலை இருக்கிற பக்கத்தில் இருக்க வேண்டும், விலைக்கும் வாட்ஸ்அப் பொத்தானுக்கும் பக்கத்திலேயே. யூடியூபில் ஏற்றி இங்கே பொருத்துவது செலவில்லாத வழி. ஆனால் படம் முடிந்ததும் அது வேறு காணொளிகளைக் காட்டும். உங்கள் சேனலில் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி அமைக்க முடியும், தளம் அமைப்பவரிடம் அதைக் கேள். அமைக்காவிட்டால் எதிர்க்கடை மாலையை உன் பக்கத்திலேயே விளம்பரம் செய்துகொண்டிருப்பாய்.

சினிமாப் பாட்டை எடுத்துவிடு. நம்மவர்கள் எத்தனை பேர் கடைக் காணொளிக்கு அடுத்தவர் இசையை எடுத்துப் போட்டுவிட்டு அது ஒரு பாராட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்! மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இசையமைத்தவரின் உழைப்பும் உன் அம்மாவின் உழைப்பைப் போன்றதுதான். நார் இழுபடுகிற சத்தமும் கத்தரிக்கோல் சத்தமும் இருந்தால் போதும். மாலை வாங்க வந்த மணப்பெண்ணின் முகம் படத்தில் வருமானால் அவளிடம் முதலிலேயே கேட்டுவிடு. கடையில் பூ கட்டுகிற அக்காக்களிடமும் கேள். அவர்களில் யாராவது வேண்டாம் என்றால் கையை மட்டும் எடு.

எடுத்ததைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் கல்யாணம் வைத்திருக்கிற யாராவது ஒரு தாயாரிடம் காட்டு. பார்த்து முடித்ததும் அவர் என்ன கேட்கிறார் என்று எழுதி எனக்கு அனுப்பு. மாலையின் நீளத்தை அவர் இன்னும் கேட்டால், மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

அன்புடன்,
உன் ஆசிரியர்