கவலைகளைத் தேவனுக்கு முன் விரித்து வைப்போம்

அறுவைச் சிகிச்சைக்கு இசைவதா, இன்னொரு மருத்துவரையும் கேட்பதா? நிலத்தை விற்றுச் சிகிச்சையைத் தொடர்வதா? முதிர்ந்த தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பதா, நெம்மேலியிலுள்ள வீட்டிற்கு அழைத்துச் சென்று அருகிருந்து பேணுவதா? மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் பல இத்தகைய கேள்விகளோடு இரவைக் கழிக்கின்றன. இவற்றை எவ்வாறு ஜெபத்தில் தேவனிடம் கொண்டு செல்வது என்பதை நாம் தியானிப்போம்.

யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவுக்கு அசீரிய ராஜாவிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்த வரலாறு, 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவர் அதை வாசித்தார். தேவாலயத்திற்குச் சென்று கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். ஆபத்து இல்லையென்று அவர் பாசாங்கு செய்யவில்லை. அசீரியர் பிற நாடுகளை அழித்தது உண்மையே என்று தம் ஜெபத்திலேயே ஒப்புக்கொண்டார். நம் கையிலும் ஸ்கேன் அறிக்கை, கட்டணச் சீட்டு, ஒப்புதல் படிவம் இருக்கின்றன. அவற்றிலுள்ளதை மறைக்காமல், நம் அச்சத்தையும் மறைக்காமல், உள்ளபடியே தேவனிடம் சொல்வதே ஜெபத்தின் தொடக்கம்.

ஜெபம் நம் விருப்பத்தை நிறைவேற்றும் கருவியன்று. செங்கல்பட்டுக்குத் தெற்கேயுள்ள திண்டிவனத்தில், 1890களில், ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் நோயுற்ற தம் தாய்க்குத் துணையாயிருக்க வந்திருந்தார். இந்தியாவில் நிலைத்திருக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் துன்புற்ற தம் மனைவியருக்கு உதவ அழைத்தனர். தாம் மருத்துவரல்லர், தந்தையே மருத்துவர் என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொட இசையாமல் மூவரும் திரும்பினர். அவ்விரவை அவர் உறக்கமின்றி ஜெபத்தில் கழித்தார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி எட்டியது. தாம் விரும்பியிராத பாதையையே அவர் தேர்ந்துகொண்டார். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பிவந்து, வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே உருவாயிற்று. ஓரிரவின் ஜெபத்தில் பிறந்த தீர்மானம் பல ஆண்டு உழைப்பினால் நிறைவேறிற்று.

ஆகவே ஜெபித்தபின் நாம் செய்யவேண்டியவையும் உண்டு. மருத்துவரிடம் ஐயங்களைத் தெளிவாகக் கேட்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா என விசாரிப்போம். நோயாளியின் விருப்பத்தை அவர் வாயினாலேயே கேட்டறிவோம். இவை விசுவாசக் குறைவல்ல. எசேக்கியா மரணத்திற்கேதுவாக வியாதிப்பட்டுக் கண்ணீரோடு ஜெபித்தபோது, ஆயுளைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்தார். ஆயினும் ஏசாயா அவருடைய கட்டியின்மேல் அத்திப்பழத்து அடையை வைக்கச் சொன்னார். அங்கே ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று விலக்கவில்லை. தனியே ஜெபிக்க இயலாதபோது பிறரை நம்மோடு ஜெபிக்க அழைப்பதும் நலம். எசேக்கியாவும் முதலில் ஏசாயாவிடம் ஆளனுப்பினார்.

எனினும் எல்லாருக்கும் ஆயுள் கூட்டிக் கொடுக்கப்படுவதில்லை. கெத்செமனேயில் பாத்திரம் நீங்கவேண்டுமென மும்முறை ஜெபித்த இயேசுவினின்று அது நீங்கவில்லை. ஆனால் அதைப் பருகும் பெலன் அவருக்கு அளிக்கப்பட்டது. நன்கு ஆராய்ந்து, அன்போடு எடுத்த முடிவு நாம் வேண்டிய பலனைத் தராமற்போனால், அதனை நம் குற்றமாகவோ ஜெபத்தின் தோல்வியாகவோ எண்ணி நம்மை வருத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, இந்த அறிக்கையையும் எங்கள் அச்சத்தையும் உமக்கு முன் வைக்கிறோம். சிகிச்சை அளிப்போருக்கு ஞானத்தையும், எங்களுக்குத் தெளிவையும், எங்கள் குடும்பத்தில் ஒருமனத்தையும் தாரும். எது வந்தாலும் எங்களோடிரும். ஆமென்.