சூதாட்டக் கடனுக்கு வங்கி பொறுப்பா?



கைப்பேசியில் பணம் வைத்துச் சூதாடித் தோற்றவன், “பணத்தை அனுப்பியது வங்கிதானே, நஷ்டத்தை அதுவே ஏற்கட்டும்” என்று சொல்லலாமா?

சொல்லலாகாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்காட முடியாது. ஆனால் எதற்கென்று அறியாமல் வங்கி கொடுத்த கடன் வேறு. அதை வாங்கினவனே தீர்க்க வேண்டும்.

வங்கிக்கும் கடமையுண்டு. இத்தகைய ஆட்டங்களுக்குப் பணம் செலுத்த வங்கிகள் துணைபோகலாகாதென 2025-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

விளையாட்டு தன்னிலே பாவமல்ல. குடும்பத்தின் சோற்றுக்கு உரியதைப் பறிக்கும்போது பாவமாகும் என்பதே திருச்சபையின் போதனை. ஆகையால் கடன்பட்டவனே, அதை மறைக்க மறுகடன் வாங்காதே. இன்றே உன் மனைவியிடம் உண்மையைச் சொல், வங்கியில் தவணை கேள், பாவசங்கீர்த்தனத்துக்கு வா.