ரெட்டைப் பிள்ளைகளும் நாலு முழ வேட்டியும்

ரெட்டைப் பிள்ளை பெற்றவளிடம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ரெண்டையும் எப்படித்தா சமாளிக்கிற?” வீட்டுக்குள் எப்படியோ சமாளித்துவிடலாம். தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகும்போதுதான் ஆண்டவன் ரெண்டு கை மட்டும் கொடுத்தது உறைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு தண்ணீருக்குப் போகாமலும் இருக்க முடியாது. சுருளி இருக்கிறது, கும்பக்கரை இருக்கிறது, நடுவே முல்லைப் பெரியாறு, தோட்டத்துக்குத் தோட்டம் பம்புசெட். போதாததற்குக் காசு கொடுத்துக் குளிக்கும் நீச்சல் குளங்களும் வந்துவிட்டன. லீவு விட்டால் சொந்தபந்தம் மொத்தமும் கிளம்பிவிடும்.

எனக்கு ஒரு பையன், ஒரு பெண். இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. சில நிமிஷம் முந்திப் பிறந்ததால் அவன் பெரியவன், இவள் சின்னவ. இவர்களோடு போய்வந்ததில் நான் கண்டது இதுதான். தண்ணீருக்குள் இருக்கும்போது எல்லோர் கண்ணும் பிள்ளைகள் மேல்தான் இருக்கும். கரையேறி உடை மாற்றும் பத்து நிமிஷத்தில்தான் பெரியவர்கள் துண்டைத் தேடுவார்கள், செருப்பைத் தேடுவார்கள், செல்போனைத் தேடுவார்கள். பிள்ளை திரும்பத் தண்ணீரைப் பார்த்து ஓடுவது அப்போதுதான். அதனால் எங்கள் வீட்டில் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுவோம். எங்கே உடை மாற்றுவது என்று முடிவான பிறகுதான் எங்கே குளிப்பது என்ற பேச்சு.

எந்தத் தண்ணீர்?

கும்பக்கரை பார்க்க அழகு. பெரியகுளத்துக்குப் பக்கத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறது. பாறையைத் தண்ணீர் குடைந்து குடைந்து உண்டாக்கிய பள்ளங்களுக்கு யானை கஜம், அண்டா கஜம், பாம்பு கஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே போதும், சின்னப் பிள்ளைகள் இறங்கும் இடமில்லை என்று தெரிந்துவிடும். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். வனத்துறை தடை போட்டிருந்தால் “ஓரமா ஒரே ஒரு முங்கு” என்று கெஞ்சக்கூட வேண்டாம்.

சுருளிக்கு நுழைவாயிலில் இருந்து நடக்க வேண்டும். போகும்போது துள்ளிக்கொண்டு நடக்கிறவர்கள், வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து “தூக்கு” என்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தோள் இல்லாமல் அங்கே போகாதீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம் நெரியும். யானை நடமாட்டம் இருந்தாலோ தண்ணீர் கூடினாலோ குளிக்க விடமாட்டார்கள். கிளம்புமுன் சுருளிப்பட்டியில் யாரையாவது விசாரித்துக்கொள்வது நல்லது. அருவிக்கு நேர்கீழே பிள்ளைகளை நிறுத்துவது கூடவே கூடாது. ஓரமாக உட்காரவைத்து மக்கில் மொண்டு ஊற்றினால் அவர்களுக்கு அதுவே அருவி.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி நம்மிடம் வருகிறது. இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே திறப்பதைப் பொறுத்து ஆற்று மட்டம் ஏறும், இறங்கும். முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் திறப்பார்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனபோது பார்த்த ஆற்றை நம்பி ஜூனில் இறங்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது பம்புசெட் தொட்டிதான். த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் குழாயில் தண்ணீர் பொங்கும். தொட்டி நிரம்பிக் கிடந்தால் பிள்ளைகளின் இடுப்புக்குக் கீழே வரும்வரை வடியவிட்டுத்தான் இறக்குவேன். அதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வருவேன். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தொட்டிச் சுவரில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். திராட்சைத் தோட்டமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: “அண்ணே, இதுல மருந்து கலக்குறீங்களா?” ஸ்பிரேயர் கழுவுகிற தொட்டியில் பிள்ளைகளை இறக்க மாட்டேன்.

நீச்சல் குளம் என்றால் பிள்ளைகளுக்குத் தனிக் குளம் இருக்கிற இடமாகப் பாருங்கள். நீச்சல் டயப்பர் சிறுநீரைத் தாங்காது. வயிற்றுப்போக்கையும் முழுசாகத் தடுக்காது. மணிக்கு ஒருமுறை கரையிலிருந்து தள்ளிப் போய்ப் பார்த்து மாற்ற வேண்டும். ஒருத்தருக்கு வயிறு சரியில்லை என்றால் ரெண்டு பேருக்கும் அன்றைக்குக் குளம் இல்லை. ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தரை மட்டும் கூட்டிப் போனால் வீட்டில் நடக்கும் கச்சேரி உங்களுக்கே தெரியும்.

ஆள் கணக்கு

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். கூட எத்தனை பேர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. “நாங்க இத்தன பேரு இருக்கோம்ல, பாத்துக்க மாட்டமாத்தா?” என்று அத்தை கேட்பார். பத்துப் பேர் சேர்ந்து பார்க்கும்போது, அடுத்தவர் பார்ப்பார் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொள்வதுதான் நடக்கும். அதனால் பிள்ளையைப் பேர் சொல்லித்தான் கைமாற்றுவோம். “சின்னவள நீங்க பாருங்க” என்று நான் சொல்ல, “சரி, சின்னவ எங்கிட்ட” என்று பதில் வந்த பிறகுதான் என் கை விலகும். சும்மா தலையாட்டினால் செல்லாது. பிள்ளை கையில் இருக்கும்வரை அந்த ஆளுக்குச் செல்போன் கிடையாது.

இது மிகையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கையைக் காலை அடிக்காது. பெரும்பாலும் சத்தமே இருக்காது. கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான்தான், உயிர் காக்கும் கருவி அல்ல.

உடுப்பின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமும் பச்சையும் தண்ணீரோடு கலந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு ரெண்டு பேருக்குமே பளிச்சென்ற ஆரஞ்சு. தலையைத் தூக்கினால் ரெண்டு ஆரஞ்சு தெரிய வேண்டும், அவ்வளவுதான். மற்ற நாளில் வேறு வேறு நிறம் போட்டு அழகு பார்த்துக்கொள்ளலாம்.

உடை மாற்றும் அறை

நம் பக்கத்து உடை மாற்றும் அறைகள் பெரியவர்களுக்காகக் கட்டியவை. குறுகலான இடம், ஈரத் தரை, மேலே ஒரே ஒரு ஆணி. அதில் யாரோ விட்டுப்போன ஈரத்துணி தொங்கும். தாழ்ப்பாள் நமக்கு எட்டும், ஆனால் சில இடங்களில் கதவே சரியாகச் சேராது. உள்ளே நுழைந்ததும் நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வேன். என்னைத் தாண்டித்தான் பிள்ளை வெளியே போக முடியும்.

தரையில் வெறுங்காலோடு விட்டால் வழுக்கும், அழுக்கும் ஒட்டும். இதற்கு நான் கொண்டுபோவது அகலமான பிளாஸ்டிக் அன்னக்கூடை. போகும்போது அதுதான் பை. அறைக்குள் அதைக் கீழே வைத்து ஒருத்தரை உள்ளே நிற்க வைத்தால், கால் சுத்தமாக இருக்கும், ஆளும் ஓர் இடத்தில் இருப்பார். வரும்போது ஈரத்துணி எல்லாம் அதில் போகும்.

யாருக்கு முதலில் மாற்றுவது? நான் ஓடுகிற ஆளுக்கு முதலில் மாற்றுவதில்லை. பெரியவன் ஓடுவான். அவனைக் கையும் உள்ளே போகும்படி துண்டில் சுற்றிக் கூடைக்குள் நிறுத்திவிடுவேன். சின்னவ நின்ற இடத்தில் நிற்பாள் என்பதால் அவளுக்கு முதலில் முடிப்பேன். ஆனால் உதடு நீலம் பூத்து, தாடை நடுங்கினால் இந்த வரிசை செல்லாது, குளிர்கிறவருக்குத்தான் முதலிடம். ஆனி, ஆடியில் நம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் ஈர உடம்பு நிமிஷத்தில் சில்லிட்டுவிடும். அந்த மாதங்களில் பாதி நேரத்திலேயே கரையேறிவிடுவோம்.

தலை, முதுகு துடைத்து முதலில் சட்டை, பிறகு கீழுடுப்பு. ஜீன்ஸ், லெக்கிங்ஸ் எல்லாம் ஈரக்காலில் ஏறவே ஏறாது. இலாஸ்டிக் வைத்த தொளதொள பருத்தி டவுசர்தான் சரி. பட்டன் வேண்டாம், நாடா வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பையில் துண்டு, சட்டை, டயப்பர், டவுசர் என்று போடுகிற வரிசையிலேயே அடுக்கி வைத்திருப்பேன். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்குமுன் பையைத் திறந்து எல்லாம் தயாரா என்று பார்த்துவிடுவோம்.

என் உடை மாற்றம் கடைசி. நைட்டியைத் தலைவழியாக மேலே மாட்டிக்கொண்டு ஈரத்தை உள்ளிருந்தே கழற்றினால் ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷமும் ரெண்டு பிள்ளைகளும் வெளியே ஆளுக்கு ஒருவர் கையில் இருப்பார்கள். அதற்கு ஆள் போதாவிட்டால் ஈரத்தோடே வீடு வந்து சேர்வேன்.

அறையே இல்லாத இடத்தில் நாலு முழ வேட்டி. ரெண்டு பேர் பிடித்தால் மறைப்பு, விரித்தால் பாய், சுற்றினால் போர்வை, மரத்தில் கட்டினால் தூளி. “பையன்தானே, வெளியிலயே மாத்து” என்று யாராவது சொல்வார்கள். பெண்ணுக்கு மறைப்பு, பையனுக்கு இல்லை என்ற வழக்கம் எங்களிடம் கிடையாது. சுற்றிலும் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். நம் பிள்ளை அதில் எந்தக் கோலத்தில் விழும் என்று யாருக்குத் தெரியும்? உடம்புக்கு மறைப்பு உண்டு என்பதை ரெண்டு பேரும் ஒன்றாகவே கற்றுக்கொள்ளட்டும்.

அப்பாக்களும் மாற்றிவிடலாம். ஆளுக்கு ஒரு பிள்ளையாகப் பிரித்துக்கொண்டால் வேலை சட்டென்று முடிகிறது. பெண் குழந்தையோடு ஆண்கள் பக்கம் போவதற்கு என் வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். அதனால் பெரியவனை அவர் கூட்டிப் போவார், சின்னவ என்னோடு. பஸ்ஸில் திரும்பும்போது டயப்பர் மாற்ற நேர்ந்தால், 2015-ல் பேருந்து நிலையங்களில் திறந்த தாய்ப்பால் ஊட்டும் அறைகள் கைகொடுக்கும். பால் கொடுக்க ஒருத்தி காத்திருந்தால் உடனே எழுந்து இடம் விட்டுவிடுங்கள்.

தீனி

கரையேறியதும் பசி வரும், பசியோடு அழுகையும் வரும். உடை மாற்றி முடித்த பிள்ளைக்கு இட்லித் துண்டு, வாழைப்பழம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெருமைதான். ஆனால் முழுத் திராட்சையை இந்த வயதில் அப்படியே கொடுக்கக் கூடாது. சரியாகத் தொண்டைக்குழியில் போய் அடைக்கும் அளவு அது. நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதை எடுத்து, உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே எதுவும் தின்னக் கூடாது.

ஆள் சேரவில்லை என்றால்

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் சேராத நாளில் வாசலை விட்டுக் கிளம்ப மாட்டோம். “தண்ணிக்குக் கூட்டிப் போறேன்னு சொன்னியே” என்று ரெண்டும் அழும்தான். மொட்டை மாடியில் அகலமான டப்பில் ஒரு சாண் தண்ணீர் ஊற்றி, ரெண்டு டம்ளர் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். அங்கேயும் நான் கூடவே உட்கார்ந்திருப்பேன். சின்னப் பிள்ளை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். ஆட்டம் முடிந்ததும் முதல் வேலை டப்பைக் கவிழ்ப்பது, பிறகுதான் துண்டை எடுப்பது. குளியலறை வாளிக்கும், வாசலில் பிடித்து வைக்கிற டிரம்முக்கும் இதே சட்டம்தான். ஒன்று கவிழ்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளை கையால் திறக்க முடியாத மூடி போட்டிருக்க வேண்டும்.