தளர்நடைக்கு நாள் குறிக்கலாமா?

"தம்பி, அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்து நிற்கிறது. நம் பிள்ளை பத்து மாதமாகியும் தவழவில்லையே!" என்று ஊரிலிருந்து தமக்கையார் கலங்கி எழுதியிருந்தார். அதன் பொருட்டு நான் தேடியறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

பிறந்த முதற் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைதல் இயல்பே. இரு வாரங்களுக்குள் அது மீண்டுவிடும். ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பிறந்த எடை இருமடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். ஆறு வாரமளவில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும். நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும்.

நம் பிள்ளைத்தமிழ் மரபு செங்கீரைக்கு 5, சப்பாணிக்கு 9, வருகைக்கு 13 ஆம் திங்கள் எனக் கூறும். அறிவியலோ ஒரு திங்களைக் குறியாது எல்லையையே வகுக்கின்றது. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவின்படி, துணையின்றி உட்காருதல் 3.8 முதல் 9.2 மாதம்; தனித்து நடத்தல் 8.2 முதல் 17.6 மாதம். அவ்வாய்வில் தவழாமலே நடந்த குழந்தைகளும் உண்டு. இந்தியக் குழந்தைகளை அளந்த இடம் நாம் பயிலும் இத் தில்லியே!

தமக்கையாரின் மகனோ இரு மாதம் முந்திப் பிறந்தவன். குறித்த பேறுநாளிலிருந்து எண்ணின் அவனுக்கு எட்டு மாதமே. முந்திப் பிறந்தோர்க்கு இரண்டாண்டு வரை இவ்வாறே கணக்கிடல் வேண்டும்.

எனினும், மூன்று மாதத்தில் சிரியாமை, ஒன்பது மாதத்தில் உட்காராமை, கற்ற செயலை இழத்தல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராது மருத்துவரை நாடுக.

"அவன் உட்காருகின்றானா?" என்று மட்டும் கேட்டெழுதினேன். "உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகின்றான்" என்று விடை வந்தது.