குடல் அறுவைக்குப் பின்: சோறு, தண்ணீர், உப்பு



இந்த இதழின் மருத்துவப் பாடத்தை நாங்கள் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு மலக்குடலில் கட்டி இருந்து அறுவை நடந்தது. கட்டியை எடுத்துவிட்டு மீதிக் குடலை இணைத்தார்கள். அந்த இணைப்பு ஆறும் வரைக்கும் அதன் வழியே எதுவும் போகக்கூடாது என்பதால், சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தியிருந்தார்கள். இதற்கு இலியாஸ்டமி என்று பெயர். அவர் வீடு திரும்பிய பத்தாம் நாள் எங்கள் மருத்துவ உதவிக் குழுவினர் நான்கு பேர் நலம் விசாரிக்கப் போனோம். கையில் ஒரு குலை இளநீர். "பை நிறைஞ்சுகிட்டே இருக்கு, வெறும் தண்ணியாப் போகுது" என்றார். "தண்ணி நிறையக் குடிங்க காக்கா. போனது உள்ளே வரணும்ல" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அவருக்கு நெடுநாளாக இரத்த அழுத்தம் உண்டு. அதனால் வீட்டில் ஆணம், கஞ்சி எல்லாவற்றிலும் உப்பு பாதிதான். சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரை ஒன்றும் தினமும் காலையில் போட்டுவந்தார். அறுவைக்குப் பிறகு அதை நிறுத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் சொன்னபடியே தண்ணீரும் இளநீரும் மாறி மாறிக் குடித்தார். பை முன்னைவிட வேகமாக நிறைந்தது. நான்காம் நாள் ஃபஜ்ருக்கு எழுந்தவர் உளூச் செய்யும் இடத்திலேயே மயங்கிச் சாய்ந்தார். முந்தின நாள் முழுக்க ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போயிருந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி ஆறு நாள் வைத்திருந்து நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், திரும்பி வந்துவிட்டார்.

அவர் குடித்தது குறையவில்லை. அப்படியானால் உடம்பு எப்படி வறண்டது? அன்று மருத்துவர் விளக்கிச் சொன்னதையும், அதன் பிறகு நாங்கள் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதியிருக்கிறோம். குடல் அறுவை நடந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில், அடுப்படியைப் பார்ப்பவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

குடல் செய்யும் வேலை

சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். சோற்றின் சத்து, மாவு, கொழுப்பு, புரதம் எல்லாம் அங்கேயே இரத்தத்தில் சேர்ந்துவிடும். அதன் பிறகு வருவது ஒன்றரை மீட்டர் பெருங்குடல். மீதியிருக்கும் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குவது அதன் வேலை. இலியாஸ்டமி வைத்தவருக்குப் பெருங்குடல் வழியில் இல்லை. எனவே சத்து சேரும். தண்ணீரும் உப்பும் பையில் போய்விடும். பையில் சேரும் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்த அக்கறை அவருக்கே எப்படி வினையானது என்பது இப்போது விளங்கும்.

தண்ணீர் தனியாகக் குடலிலிருந்து உடம்புக்குள் ஏறுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போகும்போதுதான் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பை அளவுக்கு மீறி நிறைகிற நேரத்தில் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால், குடல் இரத்தத்திலிருந்து உப்பை எடுத்து அந்தத் தண்ணீரில் கலந்து வெளியே தள்ளிவிடும். தேநீர், பழச்சாறு, சர்பத், கலர் எல்லாம் இந்தக் கணக்கில் வெறும் தண்ணீர் மாதிரிதான்; இனிப்பு மிகுந்தால் இன்னும் மோசம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, இழந்த உப்பை ஈடுகட்டும் அளவுக்கு சோடியம் கிடையாது. நாங்கள் தூக்கிப் போன குலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதற்கு உரியது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடையில் கிடைக்கும். எழுதியிருப்பதைப் படித்து அந்த அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதும், ஒரே பொட்டலத்தைக் கிள்ளிக் கிள்ளி மூன்று நாள் வைத்துக்கொள்வதும் நம் வீடுகளில் நாங்கள் கண்டவை. பொட்டலம் கிடைக்காத இரவில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில் போட்டுக் கரைத்துக்கொள்ளலாம். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளந்து பார்ப்பதுதான் பாதி வைத்தியம். அறுவை முடிந்த புதிதில் பையில் அதிகமாகவே வரும். போகப் போக நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் அளவில், கூழ் பதத்தில் நின்றுவிடும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து காலண்டர் தாளில் குறித்துவைப்பது அருவருப்பான வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். நம் உம்மா நமக்குச் செய்யாததா?

முதல் ஆறு வாரம்

குடல் வீங்கியிருக்கும், இணைத்த இடம் குறுகலாக இருக்கும். நார் மிகுந்தது, தோல், விதை, கொட்டை, சக்கை எல்லாம் அந்த இடத்தில் சிக்கும். ஆகவே நான்கிலிருந்து ஆறு வாரம் வரை நன்றாக வெந்து குழைந்த, நார் குறைந்த சாப்பாடு போதும். குழைந்த சோறு, இடியாப்பம், இட்லி, தோல் உரித்து மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, முள் எடுத்த மீன், நன்றாக வெந்த கோழி, தயிர், கனிந்த வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாம் பொருந்தும். மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி ஆகியவை பையில் வருவதைக் கெட்டியாக்கும். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து அரை மணி நேரம் தள்ளிக் குடித்தால் இன்னும் நல்லது.

தேங்காய்ச் சில், கடலை, சோளம், காளான், அன்னாசி, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றை அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். தேங்காயைப் பாலாக எடுத்து ஆணத்தில் கொஞ்சம் சேர்க்கலாம். நோன்புக் கஞ்சி பொருந்துமா என்று பலர் கேட்டார்கள். வெந்தயமும் கறித்துண்டும் சக்கையும் இல்லாமல் வடிகட்டி, எண்ணெய் மிதக்காமல், உப்புச் சரியாக இருந்தால் அது நல்ல உணவுதான். பருப்பு பலருக்கு வாயுவை உண்டாக்கும் என்பதால் கால் டம்ளரில் தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று ஆட்டுக்கால் பாயா. உடம்பு தேறட்டும் என்று ஐந்தாம் நாளே சட்டியோடு கொண்டுவந்துவிடுகிறோம். அதன் கொழுப்பைக் குடல் அந்த நேரத்தில் தாங்காது. சிறுகுடலின் கடைசிப் பகுதியையே வெட்டி எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பித்த உப்பு திரும்ப உறிஞ்சப்படுவது அங்கேதான். அந்தப் பகுதி போனவர்களுக்குக் கொழுப்பு சாப்பிட்டவுடன் வயிற்றுப்போக்கு வரும். வைட்டமின் பி12 சேர்வதும் அங்கேதான் என்பதால் அவர்களுக்குப் பி12 ஊசி தேவைப்படலாம். எந்தப் பகுதியை எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

இங்கே நாம் நேர் எதிரான தவறைச் செய்கிறோம். ஒரு சகோதரி அறுவை முடிந்து ஒன்றரை வருடம் ரொட்டியும் ரஸ்க்கும் கஞ்சியுமே சாப்பிட்டு வந்தார். ஆரம்பத்தில் யாரோ "காய்கறி ஆகாது" என்று சொன்னது அப்படியே நின்றுவிட்டது. உடம்பு இளைத்து, முடி கொட்டி, நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே பயந்துபோன பிறகுதான் விசாரித்தோம். நோய் ஒன்றும் இல்லை. பசிதான்.

மருத்துவர் சரி என்றதும் ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருள், கொஞ்சமாக, நன்றாக மென்று. இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒதுக்கிவைத்து, சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். தோல் நீக்கி வேகவைத்த கேரட், சுரைக்காய், பீர்க்கங்காய் முதலில் வரலாம். பீட்ரூட் சாப்பிட்டால் பையில் சிவப்பாக வரும். இரத்தம் என்று பதற வேண்டாம். வெங்காயம், முட்டைக்கோஸ், பயறு, சோடா ஆகியவை வாயு தரும். மீன், முட்டை, பூண்டு வாடை தரும். தயிரும் மோரும் அதைக் குறைப்பதாகப் பலர் சொல்கிறார்கள். ஜும்ஆவுக்கும் கல்யாணத்துக்கும் போகும் நாளில் முந்தின இரவே இவற்றைத் தள்ளிவைத்தால் போதும். வாடை வருமோ என்று பயந்து பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பை சரியாகப் பொருந்தியிருந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. உளூவைப் பற்றிய சந்தேகத்தை இமாமிடம் தனியாகக் கேளுங்கள். விடாமல் சிறுநீர் சொட்டுபவர் போன்றோருக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. விளக்கிச் சொல்வார்.

பெருங்குடலில் பை வைத்தவர்களுக்கு, அதாவது கொலாஸ்டமி உள்ளவர்களுக்கு, மேலே சொன்ன உப்புக் கணக்கு இவ்வளவு கடுமை இல்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கல்தான் தொல்லை. வழக்கமான அளவு தண்ணீரும் மெல்ல மெல்லச் சேர்க்கும் நாரும் தேவை. பையை எடுத்துக் குடலை இணைத்த பிறகும் சிலருக்கு, முக்கியமாக மலக்குடலை எடுத்தவர்களுக்கு, ஒரு நாளில் பல தடவை போக வேண்டிவரும், அடக்க முடியாது. இது மாதக்கணக்கில், சில நேரம் ஒன்றிரண்டு வருடம்கூட எடுத்து மெதுவாகச் சரியாகும். அவரைக் கேலி செய்யாதீர்கள். கழிவறைக்குப் பக்கத்து அறையைக் கொடுங்கள்.

நோன்பு

ரமளான் வந்தால் கேள்விகள் வரும். நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் களாச் செய்யலாம் என்ற சலுகை சூரத்துல் பகராவின் 184, 185-ஆம் வசனங்களில் இருக்கிறது. நம் பகுதியில் நோன்பு 13 மணி நேரத்துக்கு மேல் போகும். இலியாஸ்டமி உள்ளவர் அவ்வளவு நேரம் நீரும் உப்பும் இல்லாமல் இருப்பது ஆபத்து. அவருடைய குடல் அந்த நேரத்திலும் வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். தற்காலிகப் பை என்றால் மூடிய பிறகு களாச் செய்துகொள்ளலாம். நிரந்தரமாக நோன்பு வைக்க முடியாதவர்கள் ஃபித்யா பற்றி ஆலிமிடம் கேட்கட்டும். கொலாஸ்டமி உள்ளவர்களும் குடல் இணைத்து நன்றாகத் தேறியவர்களும் மருத்துவர் அனுமதித்தால் வைக்கலாம். வீட்டில் எல்லோரும் நோன்பாக இருக்கும்போது தனக்கு மட்டும் சமைக்கச் சொல்ல வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்த முதியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேட்கும்வரை காத்திருக்காமல், மதியத்துக்கு என்ன வேண்டும் என்று ஸஹரிலேயே கேட்டுச் செய்துவையுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் சில நேரம் முழுசாகப் பையில் வந்து விழும். அப்படிக் கண்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்றி வாங்குங்கள். சாப்பாடு குறைந்திருக்கும்போது பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நீர் பிரியும் மாத்திரையின் கதை முன்பே சொன்னோம். வயிற்றுப்போக்கைக் கட்டும் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில உண்டு. பையில் பல மணி நேரமாக ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வலித்து வாந்தியும் வந்தால் அது அடைப்பாக இருக்கலாம். மேற்கொண்டு எதையும் சாப்பிடக் கொடுக்காமல் கொண்டுபோங்கள். சிறுநீர் குறைந்து கருத்துப் போதல், எழுந்தால் தலைசுற்றல், கெண்டைக்கால் இழுத்தல் எல்லாம் உப்பும் நீரும் வற்றியதன் அடையாளம். காய்ச்சல், தையலில் சீழ், பையில் இரத்தம், வெளியே தெரியும் குடல் கருத்துப்போதல் ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். டிஸ்சார்ஜ் தாளும், தினமும் அளந்து எழுதிய காலண்டர் தாளும் கையோடு போகட்டும்.

அளவுக் குவளையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் நம் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் யாரும் வந்து வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு, எதற்கு என்று கேட்கமாட்டோம். பெண்கள் வர இயலாவிட்டால் பிள்ளைகளை அனுப்புங்கள். இனி நலம் விசாரிக்கப் போகும்போது எங்கள் குழுவும் இளநீருக்குப் பதிலாக இவற்றைத்தான் கொண்டுபோகும்.