காவலர் யாரிடம் முறையிடுவது?

என் கணவர் இரண்டாம் நிலைக் காவலர். வார ஓய்வு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் போலீஸ் சங்கங்கள் நடுவரிடம் போய்த் தீர்ப்பு வாங்குகின்றனவாம். இங்கே அப்படி வழி இல்லையா?
– ஒரு காவலரின் மனைவி, உடையார்பாளையம்

அந்த வழி இங்கே இல்லை, சகோதரி. மிச்சிகன் மாநிலத்தில் 1969 முதல் அதற்கென்றே சட்டம் உண்டு. பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்பு நகராட்சியையும் கட்டுப்படுத்தும். நம் நாட்டிலோ, 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, முன் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. சங்கமும் கூடாது, வேலைநிறுத்தமும் கூடாது என்றால் ஈடாக ஒரு நடுவரையாவது தருவதுதான் நியாயம்.

ஆனாலும் உங்கள் கணவர் கையில் பிடிமானம் இருக்கிறது. காவலர், தலைமைக் காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் அரசாணையே வந்துவிட்டது. அதைக் குறிப்பிட்டு, ஓய்வு மறுக்கப்பட்ட தேதிகளை வரிசையாக எழுதி, ஆய்வாளர் வழியாக அரியலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் நகல் முக்கியம். பதில் வராவிட்டால், அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தன் குறையைத் தனியாக எழுதிக் கேட்பதைச் சங்கத் தடை தடுக்காது. தைரியமாக எழுதச் சொல்லுங்கள்.